டீச்சர் பதில்கள்: சிவப்பு மையும் சிக்னலும்

கோத்தகிரியில் மூன்று நாளாக வெயில் எட்டிப் பார்க்கவில்லை. கொடியில் போட்ட துணியும் ஈரம், நீங்கள் அனுப்பிய கடிதங்களும் ஈரம். அடுப்பு மேடையில் வைத்துக் காயவைத்துத்தான் படித்தேன். சென்ற இதழில், பி.ஏ. பட்டத்தைத் தபால் வழியில் படித்து வாங்கினேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பிடித்துக்கொண்டன. ஆகவே இந்த இதழில் வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு 22 வயது. ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் சேரப் போகிறேன் என்றால், "அது கரஸ்பான்டென்ஸ்தானே, வீட்டில் உட்கார்ந்து வாங்கும் பட்டத்துக்கு என்ன மதிப்பு?" என்கிறார் சித்தப்பா. அவருக்கு என்ன சொல்வது டீச்சர்?
*வாசகி, கூடலூர்*

மகளே, முதலில் சித்தப்பா கேட்க வேண்டிய பதில். பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையிலோ இணைய வழியிலோ படித்து வாங்கும் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் படித்து வாங்கும் பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் அந்தக் குழு இதைத் தெளிவாகவே அறிவித்தது. ஆனால் நீ சேரும் ஆண்டில், நீ சேரும் பாடத்துக்கு, அந்த நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று குழுவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். நடுவில் நின்று சேர்த்துவிடுகிறேன் என்பவர் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டப் பட்டங்களை இந்த வழியில் தருவதாக எவராவது சொன்னால் அந்த வாசலையே மிதிக்காதே.

இனி, மதிப்பைப் பற்றி. நாங்கள் 1971-ல் மலைக்கு வந்தவர்கள். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட குடும்பம். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தை விட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது பத்து வயது. அத்தை குடும்பம் அங்கேயே நின்றுவிட்டது. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அத்தையின் கடிதத்தை வாசித்துக் காட்டுவதும், அப்பா சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் என் வேலை. ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஒரு மாதம் ஆகும். பதில் வந்த அன்று அப்பா கொழுந்துச் சாக்கை இறக்கி வைத்த கையோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவார்.

கல்லூரிப் புகுமுக வகுப்பான பி.யு.சி.யை முடித்த ஆண்டு அவர் படுக்கையில் விழுந்தார். நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாமார்கள் கொழுந்து கிள்ளப் போகும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. 1981-ல் சமவெளியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் வரலாறு சேர்ந்தேன். பாடம் சைக்ளோஸ்டைல் தாளில், பழுப்பு உறையில், புக் போஸ்ட் என்ற மலிவுத் தபாலில் வரும். புக் போஸ்ட் உறையை ஒட்டக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழி இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த வாய் வழியே எங்கள் மலையின் மூடுபனி உள்ளே போய், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிள்ளை மடுவத்து அடுப்பருகே வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் மராத்தியர் வரலாற்றைப் படித்தேன்.

முதல் விடைத்தாளை எழுதி அனுப்பி ஆறு வாரம் கழித்து அது திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் மூன்று வரிகள்: "காரணங்களைச் சொன்னீர்கள். விளைவுகளைச் சொல்லவில்லை. மறுபடி எழுதி அனுப்புங்கள்." அந்த ஆசிரியரை நான் பார்த்ததே இல்லை. அவர் ஆணா பெண்ணா என்றும் தெரியாது. ஆனால் கோத்தகிரிக்குக் கீழே ஒரு லைன் வீட்டில் இருப்பவள் எழுதியதை ஒருவர் கடைசி வரி வரை படித்திருக்கிறார்! பிள்ளைகள் தூங்கிய பிறகு சிம்னி விளக்கில் விளைவுகளை எழுதினேன். பின்னாளில் நான் வாங்கிய எம்.ஏ.வும், செய்த ஆசிரியர் வேலையும், இருபது ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைநிலை மாணவர்களுக்கான படிப்பு மையத்தில் நடத்திய வகுப்புகளும் அந்த மூன்று வரியில் தொடங்கியவை.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். இரண்டாம் ஆண்டு ஹால் டிக்கெட் என் கைக்கு வந்தபோது தேர்வு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஓர் ஆண்டு போயிற்று. யாரிடம் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. உனக்கு அந்த நிலை வராது. ஹால் டிக்கெட்டை நீயே பதிவிறக்கிக்கொள்வாய். ஆனால் சேரும் முன் ஒன்றை மட்டும் விசாரி: எழுதி அனுப்பும் விடையை யார் திருத்துவார், திருத்தியது எத்தனை நாளில் உன் கைக்கு வரும்? அதற்கு நேரான பதில் தரும் இடத்தில் சேர்.

தபால் மூலம் பாடம் நடத்துவதை உலகில் முதலில் தொடங்கியது யார்? பள்ளியில் பேச்சுப் போட்டி இருக்கிறது.
*ஒன்பதாம் வகுப்பு மாணவர், குன்னூர்*

தம்பி, 1728-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் காலெப் பிலிப்ஸ் என்பவர் விளம்பரம் கொடுத்தார். வெளியூரில் இருப்பவர்களுக்கு வாராவாரம் தபாலில் சுருக்கெழுத்துப் பாடம் அனுப்புவதாகச் சொன்னது அந்த விளம்பரம். பலர் இவரைத்தான் முதல்வர் என்பார்கள். மாணவர் எழுதியது திரும்ப அவரிடம் போனதா, அவர் திருத்தினாரா என்பதற்கு அந்த விளம்பரத்தில் பதில் இல்லை. அதனால் என் ஓட்டு இங்கிலாந்தின் ஐசக் பிட்மனுக்கு. குன்னூரில் தட்டச்சு நிலையத்துப் பலகைகளில் 'பிட்மன் சுருக்கெழுத்து' என்று பார்த்திருப்பாயே, அவரேதான்.

1840 வரை இங்கிலாந்தில் கடிதம் என்றால் செலவு. தூரத்தையும் தாளின் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம் போடுவார்கள். பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். 1840-ல் ஒரு பென்னி தபால்தலை ஒட்டினால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்று வந்தது. பிட்மன் அதைப் பிடித்துக்கொண்டார். பாத் நகரில் இருந்தபடி மாணவர்களுக்குப் பாடம் அனுப்பினார். அவர்கள் பைபிள் வசனங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்ப, திருத்தித் திருப்பி அனுப்பினார். மலிவான தபால்தலை ஒன்று இல்லாமல் இது நடந்திருக்காது. நம் நாட்டிலும் 1854-ல்தான் தூரம் எதுவானாலும் அரையணா என்று வந்தது.

பேச்சில் சேர்க்க இன்னொன்று தருகிறேன், எனக்கு மிகப் பிடித்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா நிலக்கரிப் பகுதியில் தாமஸ் பாஸ்டர் என்றொரு பத்திரிகை ஆசிரியர் இருந்தார். சுரங்கத்தில் விபத்துகள் மிகுந்ததால், மேற்பார்வை பார்ப்பவர்கள் தேர்வு எழுதித் தகுதி பெற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பகல் முழுவதும் மண்ணுக்குள் வேலை செய்கிறவர்கள் எங்கே போய்ப் படிப்பார்கள்? பாஸ்டர் தம் பத்திரிகையில் சுரங்கப் பாதுகாப்பு பற்றிக் கேள்வி-பதில் பகுதி நடத்தினார். கேள்விகள் குவியக் குவிய அது பாடமாக வளர்ந்து, 1891-ல் அஞ்சல் வழிப் பள்ளியானது. ஸ்க்ரான்டன் நகரில் இருந்த அந்தப் பள்ளியில் பின்னர் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் படித்தார்கள். கேள்வி-பதில் பகுதி எழுதும் என் போன்றவருக்கு இதைப் படித்த நாள் பண்டிகை.

இந்தியாவில் 1962-ல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது. போட்டியில் ஆண்டுகளைக் குறைத்துச் சொல், சுரங்கத் தொழிலாளியைப் பற்றி நிறையச் சொல்.

நான் பூண்டு விவசாயி. காட்டு வேலையின்போது கோடை பண்பலை பாடிக்கொண்டே இருக்கும். அதிலேயே கல்லூரிப் பாடம் நடத்தினால் எங்களைப் போன்றவர்கள் படித்துவிட மாட்டோமா?
*வாசகர், பூம்பாறை, கொடைக்கானல்*

கைவேலையை நிறுத்தாமல் கேட்கலாம், கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். வானொலியைப் போல ஏழைக்கு இசைந்த கருவி வேறில்லை ஐயா. எங்கள் லைன்களில் இலங்கை வானொலி ஓடாத வீடு இருக்காது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்தக் குரல்தான் ஊர்.

வானொலியில் பள்ளிக்கூடமே நடத்திய நாடு ஆஸ்திரேலியா. அந்நாட்டின் நடுப்பகுதியில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர் இருக்கும். மருத்துவரை விமானத்தில் அழைப்பதற்காக 1920-களின் இறுதியில் ஆல்பிரட் டிரேகர் என்பவர் ஒரு வானொலிக் கருவி செய்தார். மின்சாரம் கிடையாது. சைக்கிள் மிதிப்பதுபோல் காலால் மிதித்தால் மின்சாரம் வரும், பேசலாம், கேட்கலாம். அந்த மருத்துவ வானொலியை அங்குள்ள குழந்தைகள் சரளமாகக் கையாள்வதைக் கவனித்த அடிலெய்ட் மீத்கி என்ற கல்வியாளர், இதிலேயே பாடம் நடத்தலாமே என்றார். 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 'வான்வழிப் பள்ளி' திறந்தது.

தொடக்கத்தில் ஆசிரியர் மட்டும் பேசினார், குழந்தைகள் கேட்டார்கள். சீக்கிரமே ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்வி நேரம் சேர்த்தார்கள். முகம் தெரியாத பிள்ளை ஒன்று பாலைவனத்தின் ஒரு கோடியில் இருந்து "டீச்சர், எனக்குப் புரியவில்லை" என்று சொல்கிறது, மறு கோடியில் இருக்கும் பிள்ளைகளும் அதைக் கேட்கிறார்கள். அந்த நேரத்தில்தான் அது பள்ளிக்கூடம் ஆனது என்று நான் நினைக்கிறேன்.

நம் நாட்டிலும் 2001 முதல் 'ஞான் வாணி' என்று கல்விக்கென்றே பண்பலை நிலையங்கள் வந்தன. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசிரியரை நிலையத்தில் உட்காரவைத்து, மாணவர்களைக் கட்டணமில்லாத் தொலைபேசியில் கேள்வி கேட்கவைத்தது. என் மாணவர் ஒருவர் கோத்தகிரி பஸ் நிலையத்துத் தொலைபேசிக் கூண்டில் நின்று கேள்வி கேட்டுவிட்டு, விடையைக் கேட்கப் பக்கத்து டீக்கடைக்கு ஓடியிருக்கிறார். கடைக்காரர் மற்றவர்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னாராம்.

உங்கள் யோசனையில் ஓர் இடர் மட்டும் உண்டு. பண்பலை அலை நேர்கோட்டில் போகும். உயரத்தில் நிற்கும் கோபுரத்திலிருந்து கிளம்பிச் சமவெளியில் வெகுதூரம் தெளிவாகக் கேட்கும். அதே மலையின் மடிப்புக்குள் இருக்கும் ஊரில் கரகரக்கும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் வேளாண்மைப் பட்டயப் பாடமாவது வாரம் ஒரு மணி நேரம் வானொலியில், கேள்வி நேரத்தோடு வரட்டும் என்று நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். நிலையத்துக்குக் கடிதம் எழுதுங்கள், உங்கள் ஊரார் கையெழுத்தோடு.

செயற்கைக்கோள் மூலம் பாடம் என்று 1975-லேயே பெரிதாகப் பேசினார்கள். பிறகு டி.வி., எஜுசாட் என்று என்னென்னவோ வந்தன. இவற்றால் நம் மலைப் பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன கிடைத்தது?
*ஓய்வு பெற்ற வாசகர், உதகமண்டலம்*

கேள்வியில் வருத்தம் தெரிகிறது. எனக்கும் அது உண்டு. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி நம் விஞ்ஞானிகள் 'சைட்' என்ற பெரும் சோதனையை நடத்தினார்கள். ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். கோழிக்கூண்டுக் கம்பி வலையால் செய்த ஆன்டெனா, ஊர்ப் பொது இடத்தில் ஒரு டி.வி. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. மின்சாரமே சரியாக வராத ஊர்களில் அதை ஓர் ஆண்டு ஓட்டிக் காட்டியது சாதாரண காரியம் அல்ல. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. ஆண்டு முடிந்ததும் செயற்கைக்கோளைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

1984 ஆகஸ்ட் 15 முதல் மானியக் குழுவின் 'நாடு தழுவிய வகுப்பறை' தூர்தர்ஷனில் வந்தது. தோட்டத்து அலுவலர் வீட்டில் இரண்டொரு முறை பார்த்திருக்கிறேன். அழகாக எடுத்திருப்பார்கள். எனக்குத் தாவரத்தின் உயிரணு பிரிவதை முதலில் காட்டியது அதுதான். ஆனால் ஒளிபரப்பு பகல் வேளையில். மொழி ஆங்கிலம், பிறகு இந்தி. பகலில் எங்கள் பெண்கள் சரிவில் கூடை சுமந்து நின்றார்கள். அவர்களுக்குத் தெரிந்தது தமிழ். திட்டம் போட்டவர்கள் எங்கள் வேலை நேரத்தை ஒருமுறை விசாரித்திருக்கலாம்.

2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டபோது மறுநாள் செய்தித்தாளை வெட்டி மையத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். எஜுசாட் வகுப்புக்கு இரண்டு வகைக் கருவிகள் இருந்தன. ஒன்றில் பார்க்கவும் பேசவும் முடியும். இன்னொன்றில் பார்க்க மட்டுமே முடியும். நான் வகுப்பெடுத்த மையத்துக்கு வந்தது இரண்டாவது. கூரையில் தட்டு ஆன்டெனா வைத்தார்கள். குரங்குகள் அதில் தொங்கின. கனமழை பெய்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். அந்த அலைவரிசையை மழைத்துளி விழுங்கிவிடும் என்று பொறியாளர் விளக்கினார். ஆண்டில் இரண்டு பருவமழை பார்க்கும் மலை இது! படம் நன்றாக வந்த நாட்களில் எங்கோ ஒரு நகரத்துப் பேராசிரியர் அருமையாகப் பாடம் நடத்தி, "சந்தேகம் உண்டா?" என்று கேட்பார். என் மாணவி ஒருத்தி பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டு, என்னைப் பார்த்துக் கையை மெல்ல இறக்கினாள். அந்தக் கையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைச் சொல்வார்கள். 1969-ல் நிறுவி, 1971-ல் பாடம் தொடங்கி, பிபிசி டி.வி.யில் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் 2006 வரை பாடம் ஒளிபரப்பிய நிறுவனம். டி.வி.யால் அது வென்றது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதுகெலும்பு டி.வி. அல்ல. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியரை ஒதுக்கி, எழுதியதைத் தபாலில் வாங்கி, குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பிய ஏற்பாடு அது. டி.வி.யை நாம் கொண்டுவந்த வேகத்தில் அந்த ஏற்பாட்டையும் கொண்டுவந்திருந்தால் உங்கள் கேள்வியில் இந்த வருத்தம் இருந்திருக்காது.

கேசட், சிடி எல்லாம் வீண்தானே டீச்சர்? என் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கிறது.
*வாசகர், கேத்தி*

எறிந்துவிடாதீர்கள். என்னிடம் படித்தவர்களில் பார்வை இல்லாத ஒருவர் இருந்தார். பந்தலூர்ப் பக்கம். அச்சிட்ட பாடம் அவருக்குக் கட்டுக் காகிதம். ஒவ்வொரு பாடமாக நான் வாசித்து 60 நிமிட கேசட்டில் பதிந்து பஸ்ஸில் கொடுத்து அனுப்புவேன். அவர் அதே கேசட்டின் மறுபக்கத்தில் தம் கேள்விகளைப் பேசி அனுப்புவார். பின்னணியில் அவர் வீட்டுக் கோழி கத்தும், அம்மா சாப்பிடக் கூப்பிடுவார். மூன்று ஆண்டில் பட்டம் வாங்கினார். அந்தக் கேசட்டுகளில் ஏழு இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஓட்டிப் பார்க்கக் கருவிதான் இல்லை. உங்கள் பரணில் இருந்தால் சொல்லுங்கள்.

கொரோனா காலத்தில் என் மகன் சிக்னலுக்காகத் தேயிலைக் காட்டின் உச்சிக்கு ஏறி நின்று படித்தான். இப்போதும் மழைக்கு விடுமுறை விட்டால் வீட்டுப்பாடம் போனில்தான் வருகிறது. எங்கள் ஊரில் ஒரு கோடுகூட எடுப்பதில்லை. நாங்கள் என்ன செய்வது?
*ஒரு தாய், மஞ்சூர்*

அம்மா, 2020-ல் நான் ஓய்வு பெற்று ஓர் ஆண்டு ஆகியிருந்தது. எங்கள் ஊருக்குக் கீழே சாலை திரும்பும் ஒரு முனையில் மட்டும் சிக்னல் கிடைக்கும். சாயங்காலம் ஆனால் அங்கே பிள்ளைகள் ஐந்தாறு பேர், ஒரு போனைச் சுற்றி, குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் இருட்டும் நேரத்தில் அவர்களுக்கு இருபதடி தள்ளித் தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை நிற்பதைப் பார்த்தேன். பிள்ளைகள் பார்க்கவில்லை. கண் எல்லாம் போனில். குரல் கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம். மெல்ல நடந்துபோய் ஒவ்வொரு பிள்ளையாகத் தோளைத் தொட்டு அழைத்து வந்தேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் எழுந்து பழைய வழியைப் பிடித்தேன். பஸ் ஓடவில்லை. ஆனால் சிறு விவசாயிகளிடம் கொழுந்து எடுக்கும் வண்டி ஓடியது. ஓட்டுநர் தம்பியிடம் பேசி, மூன்று ஊர்களின் 11 பிள்ளைகளுக்கு உறையில் கணக்கும் தமிழும் எழுதி அனுப்பினேன். அடுத்த முறை வண்டி வரும்போது எழுதியது திரும்பி வரும். கொழுந்துச் சாறு படிந்த தாள்கள். கல்வித் தொலைக்காட்சியை 2019-லேயே தொடங்கியிருந்தார்கள். டி.வி. உள்ள வீட்டில் அதைப் பார்க்கச் சொல்லி, பார்த்ததிலிருந்து நான்கு கேள்விகள் உறையில் வைப்பேன். இரண்டும் சேர்ந்தபோது நன்றாகவே நடந்தது. டி.வி. சொல்லிக்கொடுத்தது, கொழுந்து வண்டி கேட்டு வாங்கியது.

நீங்கள் செய்யக்கூடியது இது. பள்ளிக்குப் போய், வகுப்பு ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே பத்து நாளுக்கான பாடத்தாளைக் கையில் கொடுத்துவிடக் கேளுங்கள். போனில் வருவதை ஊருக்குள் சிக்னல் உள்ள ஒருவர் பதிவிறக்கி, மற்ற பிள்ளைகளின் போனுக்கு நேரடியாக மாற்றிக் கொடுக்கலாம். இதற்கு இணையம் தேவையில்லை. நேரலை வகுப்புக்கு வராததைக் குறையாக எழுதக் கூடாது என்று கேளுங்கள். நான்கைந்து தாய்மார் சேர்ந்து போனால் மறுக்க மாட்டார்கள். கோபுரம் கேட்டு ஊராட்சியில் மனுவும் கொடுங்கள். ஆனால் மகனை இருட்டில் உச்சிக்கு அனுப்பாதீர்கள். எந்தப் பாடமும் அதற்குப் பெறாது.

இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் கட்டுரையைத் திருத்தித் தருகிறது. இனித் தொலைநிலைக் கல்விக்கு ஆசிரியரும் படிப்பு மையமும் எதற்கு?
*பொறியியல் மாணவர், உதகமண்டலம்*

ஆறு வாரம் காத்திருந்தவள் நான். ஒரு நொடியில் பிழையைச் சுட்டிக்காட்டுவது எவ்வளவு பெரிய வசதி என்பதை என்னைவிட நன்றாக எவரும் உணர முடியாது. பயன்படுத்துங்கள். ஆங்கில வாக்கியம் திருத்த நானே பயன்படுத்துகிறேன்.

ஆனால் எழுதி அனுப்பியவருக்குத்தான் அது பதில் சொல்லும். அனுப்பாமல் நின்றுபோனவரை யார் தேடுவது? என் மையத்தில் ஒரு பையன், கணக்கில் கெட்டிக்காரன், மூன்று மாதம் ஒன்றும் எழுதி அனுப்பவில்லை. இன்லண்டு லெட்டர் ஒன்று போட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையை எழுதவைத்து அவன் அம்மா பதில் போட்டார்: அப்பா தவறிவிட்டார், பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், படிப்பு இனி இல்லை. திருப்பூர் முகவரி வாங்கி, அங்கேயே தேர்வு எழுத மையம் மாற்றிக்கொள்ளலாம் என்று விண்ணப்பத் தாளையும் வைத்து அனுப்பினேன். ஷிப்டு முடிந்து இரவில் படித்து, இரண்டு ஆண்டு தாமதமாக பட்டம் முடித்தான். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து பாதியில் நிற்பவர்கள் அறிவு போதாமல் நிற்பதாக எனக்குத் தோன்றியதில்லை. வீட்டில் ஒரு சாவு, ஒரு பிரசவம், ஒரு கடன். அந்த நேரத்தில் ஒருவர் "என்ன ஆயிற்று?" என்று கேட்டால் பாதிப் பேர் திரும்பி வருவார்கள். நான் பார்த்த அளவில் சொல்கிறேன்.

நீங்கள் பொறியாளர் ஆகப் போகிறவர். மூன்று வாரம் சத்தம் இல்லாத மாணவரின் பெயரை எடுத்துக் கொடுக்கும் ஒரு கருவியைச் செய்யுங்கள். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போன் செய்ய ஒரு மனிதரை வையுங்கள்.

பத்தாம் வகுப்போடு நின்றவள். வயது 51. கொழுந்து கிள்ளுகிறேன். பேத்தியோடு சேர்ந்து பிளஸ் டூ எழுத ஆசை. இந்த வயதில் சேர்த்துக்கொள்வார்களா? தபாலில் படிக்க எனக்கு வருமா?
*வாசகி, கீழ்க் கோத்தகிரி*

சேர்த்துக்கொள்வார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று ஒன்று 1989 முதல் இருக்கிறது. மேல் வயது வரம்பு கிடையாது. தனித்தேர்வராக மாநிலத் தேர்வு எழுதும் வழியும் உண்டு. எது உங்களுக்குத் தோது என்று பேத்தியின் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பிளஸ் டூவைத் தாண்டி நேராகப் பட்டம் என்று எவராவது ஆசை காட்டினால் போகாதீர்கள். பத்தும் பன்னிரண்டும் வரிசையாக முடிக்காத பட்டத்தை நம் மாநில அரசு வேலைக்கு ஏற்பதில்லை.

வருமா என்று கேட்டீர்கள். இந்தக் கடிதத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இரண்டு பக்கம், ஓர் இடத்தில்கூட அடித்தல் இல்லை. முதலில் தமிழை எடுங்கள். முதல் பாடத்தின் கேள்விகளுக்கு விடை எழுதி, எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உறையின் பின்புறம் உங்கள் முகவரியையும் பின்கோடையும் பெரிதாக எழுதுங்கள். இந்த முறை அது நனைந்து அழிந்திருந்தது. திருத்தியதை நான் திருப்பி அனுப்ப வேண்டும்.